ராவுல் துஃபி ஏன் கோட்டுக்கு வெளியே வண்ணம் பூசினார்?

ஓவியம் பழகும் ஒரு நண்பர் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவர் கேட்டது: "பிரெஞ்சு ஓவியர் ராவுல் துஃபியின் படங்களில் கோடு ஓரிடத்தில் ஓடுகிறது, வண்ணம் வேறிடத்தில் கிடக்கிறது. இது அலட்சியமா, பாணியா? துணிக்கு டிசைன் போட்டவர் என்பதால்தான் அவரைப் பெரிய ஓவியர்கள் வரிசையில் வைப்பதில்லையா? எங்கிருந்து அவரைப் பார்க்கத் தொடங்குவது?"

முதல் இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அது துணிப்பட்டறை. துஃபியைப் பற்றி எழுதுகிற பலர் அவருடைய துணி வேலையை வயிற்றுப்பாட்டுக்குச் செய்த பக்கத் தொழிலாகச் சொல்லிவிட்டு ஓவியத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அந்தப் பட்டறையை எடுத்துவிட்டால் அவருடைய ஓவியம் எப்படி அந்த வடிவத்துக்கு வந்தது என்பதே விளங்காது. கொஞ்சம் முன்னாலிருந்தே சொல்கிறேன்.

1877-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி, வடக்குப் பிரான்சின் துறைமுக நகரமான லு ஆவ்ரில் துஃபி பிறந்தார். ஒன்பது பிள்ளைகள் உள்ள வீடு. அப்பா ஒரு கம்பெனியில் கணக்கர், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். உடன்பிறந்தவர்களில் இரண்டு பேர் இசைக்குப் போனார்கள். தம்பி ழான் ஓவியத்துக்கு வந்தார். வீட்டில் இசை நிறைய இருந்தது, பணம் இல்லை. 14 வயதில் பள்ளியை விட்டுவிட்டு, பிரேசில் காபி இறக்குமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் துஃபி வேலைக்குச் சேர்ந்தார். கப்பலிலிருந்து சரக்கு இறங்குவதைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கடல், கொடி, பாய்மரம், புகைபோக்கி எல்லாம் அந்த வயதிலேயே கண்ணில் தங்கிவிட்டன.

1890-களின் முதல் பாதியில் நகராட்சி ஓவியப் பள்ளியின் மாலை வகுப்பில் சேர்ந்தார். பின்னாளில் ஓவியரான ஒத்தோன் ஃபிரியேஸ் அங்கே நண்பரானார். பொருளை வடிவத் துண்டுகளாக உடைத்து வரையும் கியூபிசத்தின் தூண்களில் ஒருவராகப் பின்னாளில் ஆன ஜார்ஜ் பிராக் வளர்ந்ததும் இதே ஊரில்தான். இந்தக் காலத்தைப் பற்றி ஒரு செய்தி உண்டு. வலது கை வரைதல் மிகச் சுலபமாக ஓடுகிறது, அந்தச் சரளம் தன்னைக் கெடுத்துவிடும் என்று பயந்து இடது கையால் வரையப் பழகினாராம். துஃபியை "சுலபமாக வரைந்து தள்ளியவர்" என்று சொல்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சுலபத்தின் மேல் அவருக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம் இருந்தது.

1900-இல் லு ஆவ்ர் நகராட்சி தந்த 1200 பிராங்க் உதவித்தொகையில் பாரிஸ் போனார். அரசு ஓவியப் பள்ளியில் லெயோன் பொனா என்பவரின் பட்டறை. படித்தது பழைய முறை, வரைந்தது கணநேர வெளிச்சத்தைக் கண்ணில் பட்டபடி பிடிக்கும் இம்ப்ரெஷனிசம். 1905-இல் ஒரு கண்காட்சியில் ஓவியர் மத்தீஸின் 'ஆடம்பரம், அமைதி, இன்பம்' என்ற படத்தைப் பார்த்தார். கண்ணில் படுவதை அப்படியே பிடிப்பதில் இருந்த ஆசை அந்தப் படத்தின் முன்னால் போய்விட்டது என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டு நண்பர் அல்பேர் மார்கேயுடன் நோர்மாந்திக் கடற்கரையில் வரைந்த படங்களில் மாற்றம் தெரிகிறது. த்ரூவீலில் சுவர் நிறைய ஒட்டிய விளம்பரத் தாள்கள், ஜூலை 14 அன்று தெருவை அடைத்துக்கொண்டு தொங்கும் மூவண்ணக் கொடிகள். கொடிதான் படத்தின் நாயகன், மனிதர்கள் கீழே சிறு தீற்றல்கள். இயற்கை நிறத்தைப் பொருட்படுத்தாமல் வண்ணத்தைப் பளீரென்று போடும் இந்தப் பாணியைத்தான் ஃபோவிசம் என்று வகைப்படுத்துவார்கள். ஆனால் எனக்கு அதில் வேறொன்று கவனத்துக்கு வருகிறது: துணியும் தாளும்தான் அவரை இழுத்திருக்கின்றன. அச்சடித்த பொருளின் தட்டையான வண்ணம் அவருக்கு அப்போதே பிடித்திருக்கிறது.

அப்புறம் ஒரு திசைமாற்றம். பொருளின் திடமான வடிவத்தைத் தேடிய ஓவியர் செசானின் தாக்கம் பாரிஸையே பிடித்து ஆட்டிய காலம். 1908-இல் பிராக்குடன் தெற்கே லெஸ்தாக் என்ற ஊருக்குப் போய் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தார்கள். வீடும் மரமும் கனசதுரங்களாக இறுகின. பிராக் அந்த வழியில் போய் பிக்காசோவுடன் சேர்ந்தார். துஃபி அந்த வாசல் வரை போய்த் திரும்பிவிட்டார். வண்ணத்தைக் கைவிட்டு வடிவத்தை உடைத்துக்கொண்டிருப்பது அவர் இயல்புக்கு ஒத்துவரவில்லை. இதற்குக் கொடுத்த விலை பெரியது. ஃபோவ் படங்களை விரும்பியவர்களுக்கு இந்த இறுக்கமான படங்கள் பிடிக்கவில்லை, கியூபிஸ்டுகளுக்கு இவர் தங்கள் ஆள் இல்லை. படங்கள் விற்கவில்லை.

அந்த வறட்சியில்தான் மரச்செதுக்கு வேலைக்கு வந்தார். கவிஞர் அப்போலினேரின் விலங்குக் கவிதைத் தொகுப்புக்கு, ஆமை, குதிரை, ஆக்டோபஸ் என்று ஒவ்வொன்றாகக் கட்டையில் செதுக்கினார். 1911-இல் 120 பிரதிகள் மட்டும் அச்சாயின. வியாபாரத்தில் தோல்வி. இன்று அது இருபதாம் நூற்றாண்டின் அழகான நூல்களில் ஒன்று. அந்தப் பக்கங்களைப் பார்த்தால் ஒன்று புரியும்: வெள்ளையும் கறுப்பும் சம பலத்தில் நிற்கின்றன. பின்னணி என்று தனியாக எதுவும் கிடையாது. இலை, செதில், அலை எல்லாம் ஓரம்வரை நெருக்கமாக நிரம்பியிருக்கும். துணியில் ஓடவேண்டிய வடிவம் தாளில் வந்து நின்றதுபோல இருக்கும்.

அதை ஒருவர் சரியாகக் கண்டுகொண்டார். அவர்தான் போல் புவாரே, பெண்களின் உடையிலிருந்து இறுக்குக் கச்சையைக் கழற்றி எறிந்த பாரிஸ் உடை வடிவமைப்பாளர். 1911-இல் மோன்மார்த்ர் பகுதியில், கிளிஷி சாலையில், துஃபிக்கு ஒரு சின்னத் துணி அச்சுப் பட்டறை அமைத்துக் கொடுத்தார். பேரே 'சின்னத் தொழிற்சாலை'தான். சாய வேலை தெரிந்த ஒரு வேதியியலாளரையும் கூட வைத்தார். துஃபி தானே கட்டை செதுக்கி, சாயத்தின் குணம் கற்று, துணியில் அச்சுப் போட்டார். அந்த ஆண்டின் 'லா பெர்ஸ்' என்ற மேலங்கி இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிய பெரிய இலைகளும் பூக்களும், கருநீலத்துக்கும் தந்த நிறத்துக்கும் இடையில் மோதிக்கொண்டு நிற்கும், கழுத்தில் ரோமப் பட்டை. அந்தக் காலத்துப் பாரிஸ் உடைகளில் பார்த்துப் பழகிய சின்னப் பூங்கொத்துகளுக்கு நடுவே இது எப்படித் தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அச்சுத்துணியின் மேல் பிரான்சுக்கு ஆசை பிறந்ததே இந்தியாவிலிருந்து, அதிலும் நம் சோழமண்டலக் கரையிலிருந்து, வரைந்தும் அச்சிட்டும் கப்பலேறிய பருத்தித்துணிகளால்தான். உள்ளூர் நெசவு படுத்துவிடும் என்று 1686 முதல் 1759 வரை அரசு அவற்றைத் தடை செய்தே வைத்திருந்தது. துஃபி கையில் எடுத்த கட்டையச்சுக்கு அப்படியொரு நீண்ட வரலாறு பின்னால் இருந்தது.

புவாரேயின் பட்டறை அதிக நாள் ஓடவில்லை. 1912-இல் லியோன் நகரின் பட்டு நிறுவனமான பியாஞ்சினி-ஃபெரியே துஃபியை ஒப்பந்தம் செய்துகொண்டது. 1928 வரை அங்கே வேலை. ஆயிரக்கணக்கான டிசைன்கள் போட்டார். யானை, பாய்மரக் கப்பல், ரோஜா, டென்னிஸ் ஆட்டம், அறுவடை, நடனம். சில அச்சில் வந்தன, சில, டிசைனைத் துணியிலேயே நெய்யும் ஜக்கார்டு தறியில் பட்டாக நெய்யப்பட்டன. புவாரேயும் கோபித்துக்கொள்ளாமல் அங்கிருந்தே துணி வாங்கித் தைத்தார்.

சரி, இப்போது கேள்வியின் மையத்துக்கு வருவோம்.

கட்டையச்சில் ஒரு வண்ணத்துக்கு ஒரு கட்டை. கோட்டுக்குத் தனிக் கட்டை, சிவப்புக்குத் தனி, நீலத்துக்குத் தனி. ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தும்போது கொஞ்சம் நகர்ந்தால் வண்ணம் கோட்டுக்கு வெளியே போய்விடும். நம்மூர் அச்சகத்தில் 'ரெஜிஸ்டர் அவுட்' என்பார்களே, பழைய காலண்டர் படங்களில் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் போய் உட்கார்ந்திருக்குமே, அதேதான். தொழிலில் அது குறை. ஆனால் ஆண்டுக்கணக்கில் அந்த வேலையில் இருக்கும் ஓவியனின் கண்ணுக்கு ஒன்று தெரிந்துவிடும்: கோடும் வண்ணமும் பிறவியிலேயே ஒட்டியவை அல்ல, இரண்டு தனி வேலைகள். ஒன்று பொருள் என்ன என்று சொல்கிறது. மற்றது வெளிச்சம் எங்கே விழுகிறது என்று சொல்கிறது. ஒன்று இன்னொன்றின் எல்லைக்குள் அடங்கி நடக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

துஃபி சொன்ன விளக்கம் வேறு. 1926 வாக்கில் ஓன்ஃப்ளர் துறைமுகத்தின் கரையில் ஒரு சிறுமி ஓடுவதைப் பார்த்தாராம். அவள் கடந்து போன பின்னும் உடையின் வண்ணம் கண்ணில் நின்றது, உருவத்தின் விளிம்பு நிற்கவில்லை. மனம் வண்ணத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறது, விளிம்பைப் பிடிக்க நேரம் எடுக்கிறது, ஆகவே படத்திலும் இரண்டையும் பிரிக்கலாம் என்று முடிவு செய்தார். இந்தக் கதையை நான் நம்புகிறேன். ஆனால் அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவர் கை அந்தப் பிரிவினையைத் துணியில் செய்துகொண்டிருந்தது. கரையில் கிடைத்தது அதற்கான காரணம். பழக்கம் பட்டறையில் வந்தது.

அவருடைய படகுப்போட்டிப் படம் ஒன்றை எடுத்து நிதானமாகப் பாருங்கள். முதலில் நீலம் அகலமாக, கடலையும் வானத்தையும் பிரிக்காமல் பரவியிருக்கும். அதன் மேல் வெள்ளைப் பாய்கள். ஒரு சிவப்புப் பட்டை கொடியில் தொடங்கி, கொடி முடிந்த பிறகும் வானத்தில் கொஞ்ச தூரம் போகும். இவையெல்லாம் அமைந்த பிறகு, மெல்லிய தூரிகைக் கோடு வேகமாக வந்து படகின் உடலை, துடுப்பை, சுருண்ட சின்ன அலைகளைப் போட்டுவிட்டுப் போகும். அலை என்பது பெரும்பாலும் ஒரு வளைவு அடையாளம் மட்டுமே, துணி டிசைனில் திரும்பத் திரும்ப வரும் அச்சைப் போல. நிழல் தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய ஒரு வெளிச்ச வட்டம் உண்டு, அந்த வட்டத்தின் வண்ணம்தான் படத்தைக் கட்டுகிறது என்பது அவர் கொள்கை. சூரியன் ஒரு பக்கம், நிழல் மறுபக்கம் என்ற பழைய ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்.

"அலங்கார ஓவியர்" என்ற முத்திரைக்கு வருகிறேன். இந்த முத்திரை எனக்கு உண்மையாகவே வருத்தம் தருவது. துஃபியின் மண்பாத்திரங்கள், துணிகள், டேப்பஸ்ட்ரிகள் என்ற நெய்த சித்திரங்கள் எல்லாம் அவர் ஓவியத்தின் மதிப்பைக் குறைத்தன என்று நினைப்பவர்கள், கலைக்கும் கைத்தொழிலுக்கும் நடுவில் உயரமான ஒரு சுவரைக் கட்டிக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்து பார்க்கிறார்கள். துஃபிக்கு அந்தச் சுவர் இல்லை. 1920-களில் கத்தலான் குயவர் ஆர்த்திகாஸுடன் சேர்ந்து ஜாடிகளும், அறைக்குள் வைக்கும் குட்டித் தோட்டங்களும் செய்தார். 1920-இல் கவிஞர் கோக்தோவின் ஒரு மேடை நாடகத்துக்குக் காட்சி அமைத்தார். பொவே அரசு நெசவாலைக்காக நாற்காலிகளின் இருக்கைக்கும் முதுகுக்கும் பாரிஸ் நகரக் காட்சிகள் வரைந்தார். 1925 அலங்காரக் கலைக் கண்காட்சியில் புவாரே செய்ன் நதியில் மூன்று படகுகளை மிதக்கவிட்டபோது, ஒன்றில் துஃபி செய்த 14 பெரிய திரைச்சீலைகள் தொங்கின. குதிரைப் பந்தயம், படகுப்போட்டி, விருந்து என்று பின்னாளில் கேன்வாஸில் வந்தவை பலவும் அங்கே சாயத்தில் இருந்தன. புவாரேக்கு அந்தப் படகுச் செலவு பெரும் அடியாக விழுந்தது. குதிரைப் பந்தயத் திடலுக்குத் துஃபியை இழுத்துப் போனவரும் புவாரேதான். தன் உடைகளை அணிந்த பெண்கள் கூட்டத்தில் எப்படித் தெரிகிறார்கள் என்று பார்க்கச் சொல்லி அழைத்துப் போனாராம். துஃபி குதிரை, புல், மக்கள் எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்துவிட்டு வந்தார்.

ஆனால் எல்லாமே உயர்ந்தவை என்று நான் சொல்லமாட்டேன். பந்தயத் திடல், சூதாட்ட விடுதி, நீஸ் கடற்கரை என்று அவர் வரைந்த வாட்டர்கலர்களில் பல ஒன்றைப்போலவே ஒன்று இருக்கும். கை தானாக ஓடியிருக்கிறது, கண் உடன் போகவில்லை. துஃபி என்றால் இவைதான் என்று நினைத்தவர்கள் அவரை மேலோட்டமானவர் என்று முடிவு கட்டியதில் வியப்பில்லை. அவர்கள் பார்க்காமல் விட்டது 'மின்சாரத் தேவதை'.

1937 பாரிஸ் சர்வதேசக் கண்காட்சிக்காகப் பாரிஸின் மின் விநியோக நிறுவனம் கேட்டு வாங்கிய படம் இது. கட்டடக் கலைஞர் மாலே-ஸ்தீவன்ஸ் கட்டிய ஒளி மண்டபத்தின் உள்ளே லேசாக வளைந்த சுவர். அகலம் 60 மீட்டர், உயரம் 10 மீட்டர். 2 மீட்டருக்கு 1.20 மீட்டர் அளவில் 250 பலகைகள். சில மாதங்களில் முடித்தாக வேண்டும். துஃபி முதலில் படித்தார். உலகம் அணுக்களால் ஆனது என்று பாடிய ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸைப் படித்தார், விஞ்ஞான வரலாறு படித்தார், மின்நிலையங்களைப் போய்ப் பார்த்தார். விஞ்ஞானிகள் ஒவ்வொருவரையும் முதலில் உடையில்லாத மாடலை வைத்து உடற்கட்டைப் பிடித்து, பிறகு அவர்கள் காலத்து உடையை மேலே ஏற்றினார். சிறிய வரைபடங்களைப் படவிளக்கால் பெரிதாக்கிப் பலகையில் விழவைத்துக் கோடு போட்டார். தம்பி ழானும் ஆந்த்ரே ரொபேரும் உதவிக்கு. மரோஜே என்ற வேதியியலாளர் தந்த கலவையைச் சேர்த்ததால் ஆயில் வண்ணம் சீக்கிரம் காய்ந்தது, வாட்டர்கலர் போல ஊடுருவித் தெரியவும் செய்தது.

இந்தப் படத்தை வலமிருந்து இடமாகப் பார்க்கவேண்டும். ஆர்க்கிமிடீஸ், அரிஸ்டாட்டில் காலத்தில் தொடங்கி, கீழ் வரிசையில் நூற்றுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் நின்றும் உட்கார்ந்தும் பேசியும் வருவார்கள். வோல்ட்டா, ஆம்பியர், ஃபாரடே, எடிசன், கியூரி தம்பதியர். அவர்கள் தலைக்கு மேலே வயல், அறுவடை, ரயில், கப்பல். நடுவில் கிரேக்கத் தெய்வங்கள் மேலே கூடியிருக்க, கீழே மின்நிலையத்தின் ராட்சத ஜெனரேட்டர்கள். இரண்டையும் ஒரு மின்னல் இணைக்கிறது. அங்கிருந்து ஐரிஸ் தேவதை உலகத் தலைநகரங்களின் மேல் ஒளியைச் சிந்திக்கொண்டு இடப்பக்கம் பறந்து போகிறாள், கீழே ஒரு இசைக்குழு வாசித்துக்கொண்டிருக்கிறது. இத்தனை பேரையும் பொருளையும் 600 சதுர மீட்டரில் குவித்தால் சந்தைக் கூச்சலாகிவிடும். ஆகாமல் காப்பது அந்தப் பழைய துணி ஞானம்தான். பச்சை, மஞ்சள், நீலம், ஊதா என்று அகலமான வண்ணப் பரப்புகள் ஆட்களின் விளிம்பைப் பற்றிக் கவலைப்படாமல் சுவர் நெடுக ஓடுகின்றன. ஒருவரின் தலை மஞ்சளிலும் கால் பச்சையிலும் இருக்கும். கண் முதலில் வண்ணத்தின் அலையில் நகர்கிறது, பிறகு நின்று முகம் பார்க்கிறது.

இந்தப் பிரம்மாண்ட வேலை நடந்த காலத்தில்தான் அவர் உடலில் முடக்குவாதம் குடியேறிக்கொண்டிருந்தது. 1940-களில் தெற்கே பெர்பினியோனில், மருத்துவர் நிகோலாவின் கவனிப்பில் தங்கினார். போர்க்காலத்தில் ஓவியர் லூர்ஸாவின் முயற்சியில் புத்துயிர் பெற்ற ஓபுஸோன் ஊர் டேப்பஸ்ட்ரிக்கும் வரைந்து கொடுத்தார். விரல்கள் மடங்கிப்போன நிலையிலும் ஓவியம் நிற்கவில்லை. இன்னும் சொன்னால், இந்தக் காலத்துப் படங்களில்தான் அவர் துணிவு கூடியிருக்கிறது. ஒரு அறை முழுவதையும் ஒரே வண்ணத்தில் வரைந்தார். 1948-இன் 'சிவப்பு வயலின்' அந்த வகை. மேசை, சுவர், வாத்தியம் எல்லாம் ஒரே சிவப்பில் முங்கியிருக்க, கோடு மட்டும் எது எதுவென்று பிரித்துச் சொல்கிறது.

1950-இல் அமெரிக்க மருத்துவர் ஃபிரெடி ஹோம்பர்கர் அழைக்க, பாஸ்டனுக்குப் போனார். கார்ட்டிசோன் அப்போது புத்தம் புதிய மருந்து. முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கியே இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. சக்கர நாற்காலியில் போனவர் நடந்தார். வண்ணக் குழாயைத் தன் விரலாலேயே பிதுக்க முடிந்தது. நன்றிக்கு ஒரு பூங்கொத்தை வரைந்து 'லா கார்ட்டிசோன்' என்றே பெயர் வைத்தார். பக்கவிளைவுகளும் கடுமையாக இருந்தன. வறண்ட காற்று நல்லது என்று அரிசோனாவின் டூசானில் சில காலம் தங்கிவிட்டு பிரான்ஸ் திரும்பினார்.

கடைசி ஆண்டுகளில் அவர் விடாமல் வரைந்த பொருள் 'கறுப்புக் கப்பல்'. சிறுவயதில் பார்த்த லு ஆவ்ர் விரிகுடா, நடுவில் கறுப்பாக ஒரு சரக்குக் கப்பல். அந்தக் கறுப்பை நோயின் நிழல் என்று பலர் படிக்கிறார்கள், இருக்கலாம். துஃபியின் விளக்கம் எனக்கு இன்னும் பிடித்தது. உச்சிச் சூரியனை நேரே பார்த்தால் கண் இருண்டுபோகிறது, ஆகவே வெளிச்சத்தின் உச்சம் கறுப்பு. அந்தக் கறுப்பின் மேல் வண்ணப் பூச்சே இல்லாமல், தூரிகையின் பின்பக்கத்தால் கீறியதுபோலக் கப்பலின் கோடுகள் வெள்ளையாகத் தெரியும். மரக்கட்டையில் செதுக்கிய கை அது.

1952-இல், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான வெனிஸ் பியென்னாலேயில் ஓவியத்துக்கான சர்வதேசப் பரிசு கிடைத்தது. பரிசுப் பணத்தை பிரெஞ்சு ஓவியர் லாப்பிக்குக்கும் இத்தாலிய ஓவியர் வெதோவாவுக்கும், ஒருவர் நாட்டில் மற்றவர் போய்த் தங்கி வரைவதற்காகக் கொடுத்துவிட்டார். 1953 மார்ச் 23-ஆம் தேதி ஃபோர்கால்கியே ஊரில் காலமானார். கல்லறை நீஸ் நகரின் சிமியே குன்றில்.

எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. வாட்டர்கலர்களில் தொடங்காதீர்கள். முதலில் அப்போலினேர் நூலின் மரச்செதுக்குகளை இணையத்தில் தேடிப் பாருங்கள். அடுத்து மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் லண்டனின் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் உள்ள அவருடைய துணிகள். அதன் பிறகு 1906-இன் கொடித் தெருவையும் 1930-களின் படகுப்போட்டி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், நடுவில் அவர் என்ன கற்றார் என்பது தெரியும். பாரிஸ் போகிற வாய்ப்பு வந்தால் 'மின்சாரத் தேவதை' 1964 முதல் பாரிஸ் நகர நவீனக் கலை அருங்காட்சியகத்தில் தனி அறையில் இருக்கிறது. வலது ஓரத்திலிருந்து தொடங்குங்கள். கிட்டப் போய் முகம் பார்ப்பதற்கு முன்னால் அறை நடுவில் நின்று வண்ணத்தை மட்டும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.